எல்லாரையும் கொஞ்சம் எறக்கு

"ஏத்து"ன்னு யாராவது சொல்லிட்டா போதும், அந்த அக்காவுக்குக் கோபம் வந்துரும். முகத்தைத் திருப்பிக்கிட்டு சும்மா இருக்கிற கோபம் இல்ல. நாற்காலியைப் பின்னால தள்ளி எழுந்து, இடுப்புல கை வச்சுக்கிட்டு, "எத்த ஏத்தணும்? எங்க ஏத்தணும்? நீயே வந்து ஏத்து, வா"ன்னு மண்டபமே திரும்பிப் பாக்கிற மாதிரி கேப்பாங்க. மைக் இல்லாமலே அந்தக் குரல் கீழ பந்தி நடக்கிற இடம் வரைக்கும் போகும். ஊர்ல இருக்கிற எல்லார் சத்தத்தையும் குறைக்கிறதையே வேலையா வச்சிருந்தவங்க, தன் சத்தத்தை மட்டும் ஒரு நாளும் குறைச்சதில்ல. இப்ப திருவள்ளூர்ப் பக்கம் மக வீட்டோட போயிட்டாங்க. இன்னிக்கும் போன் பண்ணா, காதுலேருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிச்சுக்கிட்டுதான் பேசணும்.

அவங்க சவுண்டு சர்வீஸ் வச்சிருந்தாங்க. பூந்தமல்லிலேருந்து ஆவடி போற ரோட்டுல கடை. போர்டுல வீட்டுக்காரர் பேருதான் இருக்கும். அவரை நாங்க மாமான்னு கூப்பிடுவோம். ஸ்பீக்கர் தூக்கறது, வயர் இழுக்கறது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தறது எல்லாம் மாமா. மிக்சர் முன்னால உக்கார்றது அக்கா. கல்யாணமான புதுசுல மாமா மிக்சர்ல உக்காந்தாராம், அக்கா பக்கத்துல நின்னுக்கிட்டு "அத்த கொற, இத்த கொற"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். மாமா வெறுத்துப் போய் எழுந்து, "நீயே உக்காரு தாயி"ன்னு போயிட்டாராம். அன்னிக்கு உக்காந்தவங்கதான்.

மிக்சர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. தையல் மெஷின் மேஜை அகலத்துக்கு ஒரு பலகை. மேடையில இருக்கிற ஒவ்வொரு மைக்குக்கும், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதுல ஒரு வரிசை. மேல இருக்கிற திருகு, குரல் உள்ள எவ்வளவு வரணும்னு பாக்கும். அதுக்குக் கீழ கீச்சுக் குரலுக்கு ஒண்ணு, கட்டைக் குரலுக்கு ஒண்ணு. அப்புறம், பாடறவங்க காலடியில வச்சிருக்கிற மானிட்டர்ங்கிற குட்டி ஸ்பீக்கருக்கு ஒண்ணு. கடைசியில, விரலால மேலயும் கீழயும் தள்ளுற கட்டை. அதை மேல தள்ளினா ஊருக்குக் கேக்கும், கீழ இழுத்தா ஊருக்குக் கேக்காது.

அந்தக் கட்டைங்களுக்குக் கீழ ஒரு வெள்ளை டேப் ஒட்டி, யாரோட வரிசை எதுன்னு எழுதி வைப்பாங்க. மத்த செட்டுல கீபோர்டு, பேட், கிதார்னு எழுதியிருக்கும். இவங்க டேப்புல, எங்க மெல்லிசைக் குழுவை நடத்துற கீபோர்டு மாஸ்டர் "பொட்டி", ரிதம் பேட் வாசிக்கிறவர் "இடி", கூடப் பாடுற அண்ணன் "சீப்பு". அந்த அண்ணன் ரெண்டு பாட்டுக்கு நடுவுல தலை வாரிக்குவார், அதான். என் வரிசைக்கு "ராங்கி"ன்னு எழுதியிருந்தாங்க. ஏன்க்கான்னு கேட்டதுக்கு, "நீ வாய மூடிகினு பாடு, அப்பால பேரு மாத்தறேன்"னாங்க. வாயை மூடிக்கிட்டு எப்படிப் பாடறதுன்னு நான் திருப்பிக் கேட்டேன். "தோ, இதான் ராங்கி"ன்னு மாமாகிட்ட சாட்சி சொன்னாங்க.

நான் அந்த மெல்லிசைக் குழுவோட பொம்பளைக் குரல். ஆவடி குவார்ட்டர்ஸ்ல வளந்தவ. அப்பா தென்காசிப் பக்கத்துலேருந்து ஃபாக்டரி வேலைக்கு வந்தவர். எனக்குப் பகல்ல அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி வாசல்ல உக்காந்து போன் எடுக்கிற வேலை. லீவு நாள்ல கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு பாட்டு. ரெண்டுக்குமே குரல்தான் சோறு போட்டுச்சு. ஆனா பாட்டு எனக்குச் சோத்துக்கும் மேல. கம்பெனில நான் யாரோ ஒருத்தி. மேடையில ஏறி முதல் வரியை எடுத்தா, சாப்பிடப் போறவன் கூட ஒரு நிமிஷம் நிப்பான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வாரம் பூரா "ஹலோ, யார் பேசறது"ன்னு கேட்டுக்கிட்டுக் கிடந்தேன்.

அந்தக் குரல்தான் ஒரு நாள் போச்சு. அதைச் சொல்றதுக்குத்தான் அக்காவைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னால அவங்க எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சாதான் அவங்க செஞ்சது புரியும்.

பூந்தமல்லியில ஒரு ரிசப்ஷன். பொண்ணோட பெரியப்பா, பட்டு வேட்டி, கழுத்துல சந்தனம், நேரா மிக்சர்கிட்ட வந்தார். "என்னம்மா, பாடற பொண்ணு குரலே கேக்கல, ஏத்துங்க"ன்னார். நான் மேடையில பாடிக்கிட்டே பாக்கறேன், ஐயோ, இந்தாளு செத்தான்னு நினைச்சேன். ஆனா அன்னிக்கு அக்காவுக்கு நல்ல மூடு. தலையாட்டிட்டு, பொட்டியைக் கொஞ்சம் கீழ இழுத்தாங்க, இடியைக் கொஞ்சம், கிதாரைக் கொஞ்சம். என் கட்டையைத் தொடவே இல்ல. பெரியப்பா காதைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "பாத்தீங்களா, ஏத்துனா கேக்குதுல்ல. சொன்னாதான் செய்வீங்க"ன்னு பெருமையா போனார். இடைவேளையில அக்கா என்கிட்ட, "ஒண்ணும் ஏத்தல பாப்பா. எல்லாரையும் கொஞ்சம் எறக்குனா, பேச வேண்டியவன் பேச்சு தானா மேல வந்துரும்"னாங்க.

அதுதான் அவங்க கட்சி. ஒருத்தர் குரல் கேக்கலன்னா அவரை ஏத்தக் கூடாது, மத்தவங்களை எறக்கணும். இதை எந்த வாத்தியக்காரன் ஒத்துக்குவான்? எங்க ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ரெண்டாவது பாட்டுல மாஸ்டர் கைஜாடை காட்டுவார், எனக்கு என் மானிட்டர்ல கேக்கல, ஏத்துங்கன்னு. அவருக்கு ஏத்துனா பேட்காரருக்குக் கேக்காது. அவருக்கு ஏத்துனா கிதார்காரர் மூஞ்சியைத் தூக்குவார். கடைசியில மேடை மேல பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒரே இரைச்சல், பாடறவ நடுவுல நின்னு தொண்டை நரம்பு புடைக்கக் கத்தணும். அக்கா ஒரு தடவை பாட்டுக்கு நடுவுலயே எழுந்து மேடைக்கு வந்து, ஓரத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. பாட்டு முடிஞ்சதும், "அவனுக்கு அவன் கேக்கல, இவனுக்கு இவன் கேக்கல. அப்டின்னா இன்னா அர்த்தம்? எல்லாரும் கத்திகினு கீறீங்கன்னு அர்த்தம். எல்லாத்தையும் பாதி எறக்கப் போறேன். வேணாம்னு சொல்றவன் இப்பவே சொல்லு"ன்னாங்க. யாரும் சொல்லல. சொன்னா அவங்க பதில் சொல்வாங்க, அது மண்டபம் பூரா கேக்கும்.

வீட்டுலயும் அதே கதைதான். ஒரு நாள் கடைக்குப் பின்னால இருக்கிற அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கும் அவர் தங்கச்சிக்கும் ஏதோ வாய்த் தகராறு. டிவி ஒரு பக்கம் அலறுது, மிக்சி ஒரு பக்கம் ஓடுது, மேல ஃபேன் கடகடங்குது, ரெண்டு பேரும் அதுக்கும் மேல கத்தறாங்க. அக்கா ஒண்ணும் பேசல. அவங்க பேசாம இருந்ததை நான் பாத்தது அந்த ஒரு தடவைதான். போய் டிவியை அணைச்சாங்க, மிக்சியை நிறுத்துனாங்க, கடைசியில ஃபேனையும் அணைச்சுட்டு வந்து உக்காந்தாங்க. திடீர்னு வீடு அமைதியாச்சு. மாமா கத்துன பாதி வார்த்தை தெருவரைக்கும் போய், எதிர்வீட்டு அம்மா எட்டிப் பாத்தாங்க. அண்ணனும் தங்கச்சியும் வெக்கப்பட்டு குரலை இறக்கிக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல சண்டையே என்னன்னு மறந்துட்டு, "ஃபேனைப் போடுடி, வேர்க்குது"ன்னு மாமா கெஞ்சறார். "அடங்குன அப்பால போடறேன்"னாங்க அக்கா.

எனக்கும் அவங்களோட சண்டை இல்லாம இல்ல. எக்கோ வேணும்னு கேப்பேன். எக்கோ போட்டா குரல் கோயில் மண்டபத்துல பாடற மாதிரி சுத்திச் சுத்தி வரும், சின்னச் சின்னப் பிசிறெல்லாம் மூடிக்கும். எந்தப் பாடகிக்குத்தான் அது பிடிக்காது? அக்கா தர மாட்டாங்க. "கெணத்துல வுழுந்தவ கூப்புடற மாதிரி கீது"ம்பாங்க. கட்டைக் குரலுக்கான திருகையும் கேக்காமலே குறைச்சிருவாங்க. சில நாள் அவங்களைக் கண்டாலே எனக்கு எரியும். மத்த செட்டுக்காரங்க நாம கேட்டதைக் குடுத்து, நம்மளை மேடம் மேடம்னு மரியாதையா பேசுவாங்க. இவங்க மட்டும் நம்மகிட்டயிருந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே இருப்பாங்க. என்னதான் மிச்சம் வைப்பாங்களோன்னு இருக்கும்.

அப்புறம்தான் கழுத்துல கட்டி வந்துச்சு. தைராய்டு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னாங்க. குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுது, ஜாக்கிரதையா பண்றோம், ஆனா கொஞ்ச நாள் குரல் கம்மலா இருக்கலாம், சில பேருக்கு முழுசா திரும்பாமலும் போகலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். கண்ணு முழிச்சதும் அம்மாவைக் கூப்பிட்டேன். வாய் அசைஞ்சுது, காத்துதான் வந்துச்சு. அம்மா பக்கத்துலயே உக்காந்து ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, திரும்பல. கையைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்துச்சு. அன்னிக்குப் பட்ட பயம் இன்னும் என் உடம்புல இருக்கு.

மாசக்கணக்குல பயிற்சி. சுடுதண்ணியில ஆவி, "ஆ", "ஈ", உதட்டைப் படபடன்னு அடிச்சுக்கிட்டு ஒரு சத்தம். கம்பெனில போன் எடுத்தா, எதிர்ப்பக்கம் "ஹலோ, ஹலோ, லைன் சரியில்ல"ன்னு வச்சிருவாங்க. என்னைப் பார்சல் பிரிக்கிற இடத்துக்கு மாத்துனாங்க. கொஞ்சம் கொஞ்சமா பேச்சு வந்துச்சு. பேச்சு வந்தா பாட்டு வந்துரும்னு நினைச்சுக்கிட்டு, மாஸ்டர் வீட்டுல ஒத்திகைக்குப் போனேன். சின்ன ரூம், எல்லாரும் எப்பவும் போல வாசிக்கிறாங்க. என் குரல் எனக்கே கேக்கல. எட்டிப் பிடிக்கலாம்னு அழுத்துனேன், மேல் சுருதியில கண்ணாடி கீறுன மாதிரி உடைஞ்சுது. சீப்பு அண்ணன் சீப்பை எடுத்து, வாராம திரும்பப் பையில வச்சுக்கிட்டார்.

மாஸ்டர் கெட்டவர் இல்ல. ஆனா அவருக்குக் குழு ஓடணும். நான் இல்லாத மாசமெல்லாம் கொரட்டூர்லேருந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து ஓட்டியிருக்கார். நல்ல பொண்ணு, நல்ல குரலு. என்கிட்ட நேராவே சொன்னார்: "பாரிவாக்கத்துல ஒரு காதுகுத்து இருக்கு. நீ வா. அவளும் வருவா. நீ மூணு பாட்டு பாடு. முடிஞ்சா மேல பாடு, முடியலன்னா அவ ஏறிக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்." அப்புறம் பாத்துக்கலாம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? மூணு பாட்டுக்குள்ள குரல் திரும்பலன்னா எனக்கு இனிமே குழு இல்ல.

பாரிவாக்கத்துல வீட்டை ஒட்டுன காலி மனையில பந்தல். பழைய விவசாயக் குடும்பம், பாதி நிலத்துல இப்ப அடுக்குமாடி வந்திருச்சு, சொந்தபந்தம் மட்டும் குறையல. காலையில காது குத்தி முடிச்சு, மத்தியானப் பந்தி வரைக்கும் பாட்டு. பந்தலுக்குப் பின்னால நின்னு வெந்நீர் குடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தக் கொரட்டூர் பொண்ணுதான் ஃப்ளாஸ்க்கோட கொண்டாந்து குடுத்துச்சு. அக்கா வந்தாங்க. ஆபரேஷனுக்கப்புறம் அப்பதான் பாக்கறாங்க. எப்படி இருக்கன்னு கேக்கல.

"பேசு"ன்னாங்க.

"என்ன பேசறது?"

"இன்னா வேணா பேசு. காலீல இன்னா துன்ன?"

"இட்லி. பயத்துல ஒண்ணுதான் எறங்குச்சு."

கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாங்க. "சரி, கீது"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. எது கீதுன்னு எனக்கு விளங்கல.

மைக் டெஸ்ட் பண்ணும்போது மாஸ்டர் மேடையிலேருந்து, "அக்கா, அவ குரல் வரவே இல்ல, நல்லா ஏத்துங்க"ன்னார். நான் கண்ணை மூடிக்கிட்டேன், இப்ப வெடிக்கும்னு. அக்கா கோபப்படல. "இந்தா மாஸ்டரு, ஏத்தறேன் கேளு"ன்னு என் வரிசையோட மேல் திருகைத் திருப்புனாங்க. என் குரல் ஏறல. ஸ்பீக்கர் கீச்சுன்னு ஊளையிட்டுச்சு, குழந்தைங்க காதைப் பொத்திக்கிச்சுங்க, மடியில இருந்த காதுகுத்துக் குழந்தை வீல்னு அழுதுச்சு. "கேட்டியா? சின்னக் கொரல ஏத்துனா கொரலு ஏறாது, ஊளதான் ஏறும்"னு திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டாந்துட்டாங்க. என் கட்டையை மட்டும், வெக்கத்தை விட்டு, ரெண்டு விரக்கடை மேல வச்சாங்க. அவங்க என்னை ஏத்தி அன்னிக்குத்தான் பாத்தேன். அதைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துச்சு. அவ்வளவு மோசமாவா இருக்குன்னு.

அப்புறம் மத்த எல்லாரையும் எறக்குனாங்க. எப்பவும் எறக்குற அளவுக்கு இல்ல. பாதிக்கும் கீழ. பொட்டி, இடி, கிதார் எல்லாம் ஏதோ பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி ஆச்சு.

முதல் பாட்டு. ரெண்டாவது வரியிலயே மேல ஒரு இடம் கரகரத்துச்சு. மாஸ்டருக்கு அவர் வாத்தியம் அவருக்கே சன்னமா கேட்டதும் கை தானா கீபோர்டுல இருக்கிற திருகுக்குப் போச்சு. எங்க ஆளுங்க எல்லாரும் பண்ற வேலை இது. மிக்சர்ல குறைச்சா, தன் பொட்டியில ஏத்திக்குவாங்க. அக்கா கட்டையைக் கீழ இழுப்பாங்க, மாஸ்டர் அங்க திருகுவார். இவங்க இழுக்க, அவர் திருக. பாட்டு முடியறதுக்குள்ள கீபோர்டு கரகரன்னு பிஞ்சுபோன சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. அக்கா எழுந்து நின்னாங்க.

"மாஸ்டரு, கைய எடு."

பந்தலே சிரிச்சுது. மாஸ்டர் மூஞ்சி சிவந்து, மேடை ஓரத்துக்கு வந்து குனிஞ்சு, "இந்தப் புரோகிராமோட சரி. அடுத்ததுலேருந்து வேற செட்டு வச்சுக்கறேன்"னார். அவர் சும்மா சொல்றவர் இல்ல. எங்க குழு போற பாதி இடத்துக்கு இவங்க செட்டுதான் போகும். மாமா வயரைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டார்.

"தாராளமா வச்சுக்கோ நைனா"ன்னாங்க அக்கா. "இன்னிக்கி நான்தான உக்காந்துகினு கீறேன். கைய எடு."

எடுத்துட்டார். ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சோம். பின்னால உக்காந்திருந்த குழந்தையோட தாய்மாமன் வந்து, "சத்தமே இல்லையேம்மா, பாட்டு நடக்குதா என்ன"ன்னு கேட்டார். "பின்னாடி நாலு பேரு பேசிகினு கீறாங்க பாரு, அவங்கள நிறுத்தச் சொல்லு, கேக்கும்"னாங்க. அவரும் போய்ச் சொன்னார். தாய்மாமன் சொன்னா கேப்பாங்க இல்லையா. ஒரு பக்கம் பேச்சு அடங்கவும், பக்கத்து வரிசை என்னமோ ஏதோன்னு திரும்பிப் பாத்து அடங்குச்சு. சமையல் பக்கம் கரண்டி போடற சத்தம் கேட்டுச்சு. அதுக்கு நடுவுல என் குரல் எனக்குக் கேட்டுச்சு. சன்னமா, கொஞ்சம் பழுதா, ஆனா என்னோடது. ஒத்திகையில எட்டிப் பிடிக்கப் போய்தானே உடைஞ்சேன். இங்க எட்டிப் பிடிக்க எதுவுமே இல்ல. அழுத்தவே வேண்டாம். பக்கத்துல உக்காந்திருக்கிறவங்ககிட்ட சொல்ற மாதிரி பாடுனா போதும்.

மூணாவது பாட்டு ஒரு தாலாட்டு மெட்டு. பாதியில பேட்காரர் தானாவே விரலால தட்ட ஆரம்பிச்சார். மாஸ்டர் கையும் பூப்பறிக்கிற மாதிரி மெதுவா போச்சு, யாரும் சொல்லல. பாட்டு முடிஞ்சுது. கொரட்டூர் பொண்ணு புடவைக் கொசுவத்தைச் சரி பண்ணிக்கிட்டு எழுந்து நின்னுச்சு. நான் மாஸ்டரைப் பாத்தேன். அவர் அந்தப் பொண்ணைப் பாக்கல, என்னையும் பாக்கல. குனிஞ்சபடியே என்னோட அடுத்த பாட்டுக்கான முதல் இசையை வாசிக்க ஆரம்பிச்சார். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே திரும்ப உக்காந்துச்சு. எனக்கு அந்த நிமிஷம் நெஞ்சுக்குள்ள ஒரு பாறை கழண்டு விழுந்த மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் எத்தனை பாட்டு பாடுனேன்னு தெரியல. ஆபரேஷன் ஆனதையே மறந்துட்டேன்.

பந்திக்கு இலை போட்டுட்டாங்கன்னு சொன்னதும் நன்றி சொல்லி முடிச்சேன். எல்லாரும் சாப்பிடக் கிளம்பறாங்க. நான் நேரா மிக்சர்கிட்ட போனேன். சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த ரெண்டு விரக்கடை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு அக்கா தூக்கிப் பிடிச்சாங்க, தப்பிச்சேன். நாளைக்கு வேற செட்டு, வேற ஆளு. அப்ப என்ன பண்றது?

"அக்கா, நிஜத்தைச் சொல்லுங்க. என்னை எவ்வளவு ஏத்தி வச்சிருந்தீங்க? நீங்க இல்லன்னா என் குரல் கேட்டிருக்குமா?"

அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"யாரு உன்ன ஏத்துனது? மொத மூணு பாட்டுதான் ஏத்தி வச்சிகினு இருந்தேன். நாலாவது பாட்டுலேந்து உன்ன எறக்கிகினே வந்தேன். தோ பாரு, ஆபரேசனுக்கு முன்னாடி எங்க வைப்பனோ அங்கதான் கீது. கடசிப் பாட்டுல இன்னா கத்து கத்துன, அதுக்கும் கீழ இழுத்தேன் உன்ன. மாஸ்டர எப்பவோ பழயபடி ஏத்திட்டேன். நீ அதுக்கும் மேல பாடிகினு கீற, தெர்ல உனக்கு?"

குனிஞ்சு பாத்தேன். என் கட்டை பழைய இடத்துக்கும் கொஞ்சம் கீழ இருந்துச்சு. பக்கத்துல பொட்டியும் இடியும் அததோட இடத்துல. என் வாழ்க்கையில யாரும் எனக்கு அப்படி ஒரு நல்ல சேதி சொன்னதில்ல. பல மாசமா அடக்கி வச்சிருந்தது எல்லாம் ஒண்ணா வந்துச்சு. அங்கயே ஸ்பீக்கர் கொண்டாந்த காலிப் பெட்டி மேல உக்காந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன்.

பந்தல் பூரா அழுகைச் சத்தம். கை கழுவப் போனவங்க எல்லாம் நின்னு திரும்பிப் பாக்கறாங்க. மாஸ்டர் மேடையில அப்படியே நின்னு என்னைப் பாத்துக்கிட்டு இருக்கார். அப்பதான் புரிஞ்சுது, வயர் இல்லாத மைக் இன்னும் என் கையிலதான் இருக்கு. நான் கேட்டது, அக்கா சொன்னது, இப்ப அழறது எல்லாமே ஸ்பீக்கர்ல போய்க்கிட்டு இருந்திருக்கு.

மாமா ஓடி வந்து, "ஏய், அவ மைக் ஆன்ல இருக்குடி, குறை"ன்னார்.

அக்கா விரல் என் கட்டைக்குப் போச்சு. என்னைப் பாத்தாங்க. கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க.

"வுடு, கேக்கட்டும்"னாங்க.